வரப்பில் நிற்கும் சிப்பாய்

ஆர்க்கிட் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? மலர்க் கண்காட்சிகளில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் விலை உயர்ந்த பூவா? மலைக்காட்டில் உயர்ந்த மரக்கிளையைப் பற்றிக்கொண்டு தொங்கும் செடியா? கம்பம் பள்ளத்தாக்கில் படிக்கும் மாணவர் ஒருவரிடம் "ஆர்க்கிட் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், அவர் கிழக்கே தெரியும் மேகமலையைத்தான் கை காட்டுவார்.

அது தவறன்று. ஆனால் ஆர்க்கிட் ஒன்றைக் காண மலை ஏறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டுச் சமவெளிகளில் ஈரமான புல்தரையிலும், வாய்க்கால் கரையிலும், நெல் வயல் வரப்பிலும் புல்லோடு புல்லாக நிற்கும் ஆர்க்கிட் ஒன்று உண்டு. அதை மிதித்துக்கொண்டே நாம் நடந்துவிடுகிறோம். தாவரவியலார் அதற்கு இட்டுள்ள பெயர் ஸூக்ஸைன் ஸ்ட்ராட்யூமாட்டிகா. பெயர் நீளமானது, செடியோ சாண் உயரம் கூட இல்லாதது!

இந்தச் சிறிய செடியை எப்படி அடையாளம் காண்பது? அதை வளர்க்க முடியுமா? பிடுங்கி வந்து தொட்டியில் நட்டால் ஏன் பெரும்பாலும் பட்டுப்போகிறது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெயருக்குள் ஒரு படை

உலகில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மரங்களின் மீது தொற்றி வாழ்பவை. மற்றவை நம் ஸூக்ஸைனைப் போல மண்ணில் வேரூன்றி வாழ்கின்றன. இவற்றைத் தரை ஆர்க்கிட்டுகள் என்பர்.

1670-களில் பால் ஹெர்மன் என்னும் மருத்துவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இலங்கையில் இருந்தார். ஓய்வு கிடைத்த போதெல்லாம் அத்தீவின் செடிகளைத் திரட்டிப் பதப்படுத்தி வைத்தார். அத்தொகுப்பு பல கைகள் மாறி, இறுதியில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸிடம் ஆய்வுக்கு வந்தது. இலங்கையைக் கண்ணால் கண்டிராத லின்னேயஸ், அந்த உலர்ந்த செடிகளை வைத்தே 1753-இல் நம் செடிக்கு 'ஆர்க்கிஸ் ஸ்ட்ராட்யூமாட்டிகா' என்று பெயரிட்டார். 'ஸ்ட்ராட்யூமா' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் படை என்று பொருள். இச்செடி தனியே நிற்பது குறைவு; கூட்டமாக, விறைப்பாக, தலை நிமிர்ந்து நிற்கும். ஆங்கிலத்திலும் இதைச் சிப்பாய் ஆர்க்கிட் என்றே அழைக்கின்றனர்.

ஸூக்ஸைன் என்ற பேரினத்தை ஆங்கிலேயத் தாவரவியலார் ஜான் லிண்ட்லி 1826-இல் அமைத்தார். அதற்குப் பூட்டுதல், இணைத்தல் என்று பொருள். இதன் பூவில் உதடு என்னும் இதழ், நடுவிலுள்ள தூணோடு ஓரளவு இணைந்திருப்பதை அப்பெயர் குறிக்கிறது. மாட்டை நுகத்தில் பூட்டும் வயலில் வளரும் செடிக்குப் பொருத்தமான பெயர்தானே!

எங்கே, எப்போது தேடுவது?

1895-இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீரைக் கொண்டு கம்பம் பள்ளத்தாக்கில் இன்று 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளைநிலமாக உள்ளது. லோயர் கேம்ப் தொடங்கி கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று முல்லைப் பெரியாற்றையும் அதன் வாய்க்கால்களையும் ஒட்டிச் செல்லுங்கள். கரையோரம் எங்கும் ஈரம், வெயில், குட்டைப் புல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஸூக்ஸைன் விரும்பும் சூழ்நிலை இதுவே.

அடிக்கடி அண்டை வெட்டிச் செதுக்கும் வரப்பில் தேடிப் பயனில்லை. பல ஆண்டுகளாக மண்வெட்டி படாத வாய்க்கால் கரை, குளத்தின் உட்சரிவு, கோயில் தோட்டத்துப் புல்தரை, தென்னந்தோப்பின் ஈரமான ஓரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். மார்கழி முதல் மாசி வரை தேடுவதற்கு ஏற்ற காலம். இக்குளிர் மாதங்களில்தான் இது பூக்கும். மற்றக் காலத்தில் இதைப் புல் என்று எண்ணி யாரும் கடந்து சென்றுவிடுவர்.

நின்று கொண்டு தேடினால் தெரியாது. மண்டியிட்டு அமர்ந்து, கண்ணைப் புல் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வாய்க்கால் கரையில் தேடும்போது பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

பிடுங்காமல் அடையாளம் காணும் முறை

முதலில் தண்டும் இலையும். செடியின் உயரம் பெரும்பாலும் 5 முதல் 25 செ.மீ. வரை. தண்டு சாறு நிறைந்தது. புல்லின் தண்டைப் போல உறுதியான கணுக்களோடு உள்ளே குழலாக இராது. இலைகள் குறுகலானவை, அடிப்பகுதி தண்டை உறை போலத் தழுவியிருக்கும். பல செடிகளில் பச்சையோடு செம்பழுப்பு நிறமும் கலந்திருக்கும். பச்சைப் புல்லின் நடுவே பழுப்பாகத் தெரியும் அந்த நிறமே பல சமயம் நம் கண்ணை முதலில் இழுக்கிறது.

அடுத்துப் பூ. தண்டின் நுனியில் சிறு பூக்கள் நெருக்கமாக அமைந்த கதிர் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பூவும் ஒரு நெல்மணி அளவே. வெள்ளை நிறத்தில், நடுவே மஞ்சள் உதடு தெரியும். ஒரு கைவில்லையால் பார்த்தால், மேலேயுள்ள புல்லி இதழும் இரு அல்லி இதழ்களும் சேர்ந்து சிறிய முக்காடு போலக் கவிந்திருப்பதைக் காணலாம். அதன் கீழே மஞ்சள் உதடு துருத்தி நிற்கும்.

இது ஆர்க்கிட்தான் என்று எப்படி உறுதி செய்வது? மூன்று செய்திகளை நினைவில் கொள்ளுங்கள்.

ஒன்று: ஆர்க்கிட் பூவில் மூன்று புல்லி இதழ்களும் மூன்று அல்லி இதழ்களும் உண்டு. அல்லி இதழ்களில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைப் போல் இராது. அதுவே உதடு.

இரண்டு: செம்பருத்தியில் மகரந்தத் தாள்களையும் சூல்முடியையும் தனித்தனியே பார்த்திருப்பீர்கள். ஆர்க்கிட்டில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாக இணைந்து ஒரே தூணாக நிற்கும். மகரந்தமும் தூளாக உதிராமல் சிறு திரள்களாக ஒட்டியிருக்கும்.

மூன்று: சூற்பை பூவிற்குக் கீழே இருக்கும். பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் மொட்டு விரியும்போது இச்சூற்பை முறுக்கிக்கொண்டு பூவை அரைவட்டம் திருப்பிவிடும். மேலே இருக்கவேண்டிய உதடு கீழே வருவது இதனால்தான். பூச்சி வந்து அமர அது ஒரு மேடையாகிறது.

நம் மலைகளிலும் அடிவாரங்களிலும் வேறு தரை ஆர்க்கிட்டுகளும் உண்டு. அவற்றிலிருந்து இதைப் பிரித்தறியக் கீழ்க்கண்ட குறிப்புகள் உதவும்.

• இலைகள் தரையோடு தரையாக ஒட்டிப் பரந்து கிடக்க, நடுவிலிருந்து வெண்பூக்களுடன் தண்டு எழும்பினால் அது ஹாபினேரியா ராக்ஸ்பர்கியையாக இருக்கலாம். வறண்ட அடிவாரக் காடுகளில் மழைக்குப் பின் தோன்றுவது. உதட்டின் பின்னால் வால் போன்ற ஒரு நீண்ட குழல் உண்டு.

• பூவின் பின்புறம் ஒன்றுக்கு இரண்டாகக் குழல்கள் இருந்து, உதடும் மேற்புறமாக இருந்தால் அது சாட்டிரியம் நேபாலென்ஸ். பழனி மலை போன்ற உயர்ந்த மலைகளின் புல்வெளிகளில் வளர்வது. இதன் சூற்பை முறுக்கிக்கொள்வதில்லை.

• பூக்கள் தண்டைச் சுற்றித் திருகாணி போல ஏறிச் சென்றால் அது ஸ்பைராந்தஸ்.

• குழல் இல்லை. இலை புல் போன்றது. பூ வெள்ளை, உதடு மஞ்சள். இடம் சமவெளியின் ஈரப் புல்தரை. அப்படியானால் அது நம் சிப்பாய்.

இவை அனைத்தையும் செடி மண்ணில் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்பதைக் கவனியுங்கள். வேரைத் தோண்டிப் பார்க்க எந்தத் தேவையும் இல்லை. ஐயம் இருந்தால் இலை, கதிர், ஒற்றைப் பூ ஆகியவற்றை அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

தந்தை இல்லாத விதை

ஸூக்ஸைனின் பூ பூச்சிக்காகக் காத்திருப்பதில்லை. மகரந்தச் சேர்க்கை நடவாமலே காய்த்து விடுகிறது!

இந்தப் புதிரை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் பி.ஜி.எல். சுவாமி. பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் முதல்வராகவும் விளங்கியவர். கன்னட மொழியில் புகழ்பெற்ற எழுத்தாளரும் ஆவார். ஸூக்ஸைன் சல்கேட்டா என்ற பெயரால் அப்போது வழங்கிய இச்செடியின் கருவியலை அவர் ஆராய்ந்து 1946-இல் கட்டுரை வெளியிட்டார். சாதாரணமாக முட்டைச் செல்லோடு ஆண் செல் இணைந்தால்தான் கரு தோன்றும். இச்செடியிலோ சூலில் உள்ள சாதாரண உடல் செல்களிலிருந்தே கரு உருவாகிறது. ஒரே விதையில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருப்பதும் உண்டு.

இதன் பயன் யாது? துணை இல்லாமலே ஒரு செடி பல செடியாகலாம். இதற்கு அமெரிக்காவில் நடந்த நிகழ்ச்சி சான்று. 1936-இல் ஃபுளோரிடா மாநிலத்தில் ஃபெல்ஸ்மியர் என்னும் ஊரில் இந்த ஆசிய ஆர்க்கிட் காணப்பட்டது. சீனாவிலிருந்து தருவித்த புல் விதையோடு கலந்து வந்திருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். அங்கே இதற்கு உரிய பூச்சி இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. வீட்டுப் புல்தரைகளில் அது தானே பரவிவிட்டது.

நன்மை இருக்குமிடத்தில் குறையும் உண்டு. இப்படித் தோன்றும் குட்டிகள் எல்லாம் தாயின் அச்சு நகல்கள். ஒரு நோய் ஒன்றைத் தாக்கினால் எல்லாவற்றையும் தாக்கக்கூடும்.

டார்வின் போட்ட கணக்கு

காய் முற்றியதும் வெடித்துத் தூள் போன்ற விதைகள் காற்றில் பறக்கும். ஆர்க்கிட் விதையின் எடை பெரும்பாலும் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் சில பங்குகளே. ஒரு காயிலேயே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் விதைகள் இருக்கும்.

சார்லஸ் டார்வின் 1862-இல் வெளியிட்ட ஆர்க்கிட் நூலில் இதை வைத்து ஒரு கணக்குப் போட்டார். இங்கிலாந்தில் வளரும் தரை ஆர்க்கிட் ஒன்றில் ஒரு காய்க்குச் சுமார் 6,200 விதைகள். ஒரு செடிக்கு 30 காய்கள். கெட்ட விதைகள் என்று காய்க்கு 400 தள்ளிவிடுவோம். மீதி 5,800 × 30 = 1,74,000.

ஒரு செடிக்கு அரை அடிக்கு அரை அடி இடம் என்று கொள்வோம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு சதுர அடிக்கு 4 செடிகள் என்றால் ஏக்கருக்கு 1,74,240 செடிகள். அதாவது ஒரே ஒரு செடியின் பிள்ளைகள் ஓர் ஏக்கரை நிரப்பிவிடும்! இப்படியே போனால் நான்காம் தலைமுறையான கொள்ளுப் பேரன்கள் உலகின் நிலப்பரப்பு முழுவதையும் ஏறக்குறைய மூடிவிடும் என்று டார்வின் கணக்கிட்டார். அப்படி நடவாமல் தடுப்பது எது என்பதற்கு அவரிடம் விடை இல்லை.

விடை 37 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 1899-இல் நோயல் பெர்னார் என்னும் பிரெஞ்சு இளைஞர், காட்டில் இலைச் சருகுக்கு அடியில் புதைந்து கிடந்த ஓர் ஆர்க்கிட் தண்டைக் கண்டார். அதன் காய்களுக்குள்ளேயே விதைகள் முளைத்திருந்தன. உருப்பெருக்கியில் பார்த்தபோது, முளைத்த ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பூசணத்தின் இழைகள் இருந்தன!

மண்ணுக்குள் இருக்கும் மறுபாதி

ஓர் அவரை விதையைப் பிளந்து பாருங்கள். இரண்டு பருத்த விதையிலைகள் இருக்கும். முளைக்கும் குழந்தைச் செடிக்குத் தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. நெல்லில் நாம் உண்ணும் அரிசியும் அத்தகையதே. ஆர்க்கிட் விதையில் கட்டுச்சோறு என்பதே இல்லை எனலாம். சில செல்களால் ஆன ஒரு கரு, அதைச் சுற்றி மெல்லிய உறை, அவ்வளவே. எடை குறைந்தால் வெகு தூரம் பறக்கலாம். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் சோறு போடுபவர் வேண்டுமே!

அந்த வேலையைச் செய்வது மண்ணிலுள்ள பூசணம். அதன் இழை விதைக்குள் நுழைந்து, செல்களின் உள்ளே நூற்கண்டு போலச் சுருண்டு கொள்கிறது. மண்ணில் மட்கும் பொருள்களிலிருந்து அது திரட்டிய சர்க்கரையும் பிற சத்துகளும் கருவுக்குக் கிடைக்கின்றன. பின்னர் அந்த நூற்கண்டையே செல் செரித்து விடுகிறது. கரு பருத்து ஒரு சிறு உருண்டையாகிறது. இதற்குப் புரோட்டோகார்ம் என்று பெயர். இதிலிருந்து பிறகுதான் வேரும் இலையும் தோன்றும். பச்சை இலை வந்த பின்னும் பல தரை ஆர்க்கிட்டுகள் பூசணத்தோடு உறவை விடுவதில்லை.

பச்சை இலையுள்ள பல தரை ஆர்க்கிட்டுகளுக்குத் துணை நிற்பவை ரைசாக்டோனியா என்னும் பூசணக் கூட்டத்தைச் சேர்ந்தவை. உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்பெயர் புதிதாக இராது. நெல்லில் இலையுறைக் கருகல் நோயை உண்டாக்கும் ரைசாக்டோனியா சொலானியும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஒரே குடும்பத்தில் ஒருவர் பயிருக்குப் பகை. மற்றொருவர் ஆர்க்கிட்டுக்குத் தாய்ப்பால்!

டார்வினின் கேள்விக்கு இப்போது விடை தெரிகிறது. லட்சம் விதைகள் பறந்தாலும், தகுந்த பூசணமும் தகுந்த ஈரமும் உள்ள மண்ணில் விழுவன மிகச் சிலவே. மற்றவை மடிகின்றன.

மலையிலிருந்து ஆர்க்கிட்டைப் பிடுங்கி வந்து தொட்டியில் நடுபவர் பெரும்பாலும் ஏமாறுவதற்கும் இதுவே காரணம். அவர் கொண்டு வருவது பாதிச் செடியைத்தான். மறுபாதி, மண்ணில் நாலாபுறமும் பரவிய பூசண வலையாக, அங்கேயே தங்கிவிடுகிறது. மேலும், மேகமலைக் காடுகள் சரணாலயமாகவும், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் உள்ளன. அனுமதியின்றி அங்கிருந்து செடிகளை எடுப்பது சட்டப்படி குற்றம்.

சரி, வளர்க்கவே முடியாதா?

முடியும். செடியை இடம் மாற்றுவதை விட்டு, விதையை அதற்குரிய மண்ணில் தூவ வேண்டும்.

ஆய்வகங்களில் வேறொரு வழியும் உண்டு. 1922-இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகர் கூழில் பூசணம் இல்லாமலே ஆர்க்கிட் விதைகளை முளைக்கச் செய்தார். பூசணம் தரும் சர்க்கரையை அவரே தந்துவிட்டார்! இன்று கடைகளில் காணும் ஆர்க்கிட் பூக்களின் பெரும் தொழில் இம்முறையிலிருந்து வளர்ந்ததே. ஆனால் கிருமி நீக்கிய குடுவையும் அறையும் இல்லாமல் இதைச் செய்ய இயலாது. கூழில் பூஞ்சக்காளான்தான் வளரும். ஆகவே பள்ளி மாணவர்களுக்கு ஏற்றது முதல் வழியே.

செய்து பாருங்கள்

1. தை மாதத்தில் செடிகள் உள்ள இடத்தைக் கண்டுபிடித்து, நிலத்துக்கு உரியவரின் அனுமதி பெறுங்கள். நான்கு குச்சிகளும் கயிறும் கொண்டு ஒரு மீட்டர் சதுரம் அமையுங்கள்.

2. சதுரத்துக்குள் எத்தனை செடிகள் என எண்ணுங்கள். உயரம், இலைகளின் எண்ணிக்கை, பூக்களின் எண்ணிக்கை, உடன் வளரும் புல் பூண்டுகள், நாள் ஆகியவற்றை ஏட்டில் குறியுங்கள்.

3. பூத்த சில வாரங்களில் காய் பழுப்பாகும். ஐந்தாறு செடிகளுக்கு ஒரு காய் வீதம் மட்டும் பறித்து, காகித உறையில் இடுங்கள். மற்றவற்றை விட்டுவிடுங்கள். விதை முற்றியதும் மேலேயுள்ள செடி வாடிவிடும், அது இயல்பே.

4. மிக நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான் துணியில் ஒரு சிட்டிகை விதையை வைத்து மடித்து, ஓரங்களைத் தைத்து விடுங்கள். விதை வெளியேறாது, பூசண இழை உள்ளே நுழையும். இத்தகைய பொட்டலங்கள் பத்துச் செய்யுங்கள். ஐந்தைச் செடிகள் நின்ற சதுரத்திலும், ஐந்தைச் செடி இல்லாத வேறொரு வரப்பிலும் இரண்டு விரற்கடை ஆழத்தில் புதையுங்கள். நூல் கட்டி அடையாளம் இடுங்கள்.

5. மாதம் ஒரு முறை ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு பொட்டலத்தை எடுத்து, பள்ளியிலுள்ள உருப்பெருக்கியில் பாருங்கள். விதை உறையைக் கிழித்துக்கொண்டு வெண்ணிற உருண்டை தெரிகிறதா? எந்த இடத்தில் மிகுதி?

6. எஞ்சிய விதையைச் சதுரத்தின் ஓரத்திலேயே தூவி விடுங்கள். உரமோ பூச்சிமருந்தோ இட வேண்டாம். அடுத்த மார்கழியில் மீண்டும் எண்ணுங்கள்.

இப்பொட்டல முறை விளையாட்டன்று. ராஸ்முசென், விக்ஹாம் என்னும் இரு அறிஞர்கள் 1993-இல் இதே முறையை விளக்கி வெளியிட்டனர். நிழற்படச் சிலைடுகளுக்கான பிளாஸ்டிக் சட்டத்தில் நுண்வலைத் துணியைப் பொருத்தி, அதனுள் ஆர்க்கிட் விதைகளை வைத்துக் காட்டு மண்ணில் புதைத்தனர். அதன் பின் உலகின் பல பகுதிகளில் தரை ஆர்க்கிட்டுகளின் துணைப் பூசணங்களைக் கண்டறிய இது பயன்பட்டு வருகிறது.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சிப்பாய் கட்டளைக்கு அடங்காதவன். ஓர் ஆண்டு நூறு செடிகள் நின்ற இடத்தில் அடுத்த ஆண்டு ஒன்றும் இல்லாமல் போகலாம். எதிர்பாராத வேறோர் இடத்தில் படையாகத் தோன்றலாம். ஆகவே ஓராண்டுக் கணக்கைக் கொண்டு முடிவு கூறிவிடாதீர்கள். எட்டாம் வகுப்பில் தொடங்கினால் பத்தாம் வகுப்புக்குள் மூன்று குளிர்காலங்களின் கணக்கு உங்களிடம் இருக்கும். உங்களுக்குப் பின் வரும் மாணவர்களிடம் ஏட்டை ஒப்படைத்து விட்டுச் செல்லுங்கள்.

கரைகள் கான்கிரீட்டாகின்றன, களைக்கொல்லி தெளித்த வரப்பில் புல்லே எஞ்சுவதில்லை. எந்தக் கரையில் எந்தச் செடி இருந்தது என்று எழுதி வைத்தவர் இருந்தால்தான், அது மறைந்ததையும் நாம் அறிய முடியும். உயர்ந்த மலையின் அரிய ஆர்க்கிட்டைக் காப்பதற்கு வேண்டிய பயிற்சியும் இதுவே: குனிந்து பார்த்தல், எண்ணுதல், எழுதுதல், பிடுங்காமல் இருத்தல். வரும் மார்கழியில் வயலுக்குப் போகும்போது, ஏட்டையும் ஒரு கைவில்லையையும் எடுத்துச் செல்ல மறவாதீர்கள்.